பொழுதை எழுதுதல்

கடல் ஒன்றே எனினும் அதன் நிறம் ஒன்றன்று. விடியலிற் சாம்பல் பூத்துக் கிடக்கும் நீர், ஞாயிறு எழுந்த நாழிகைக்குள் வெள்ளியை உருக்கி ஊற்றினாற்போல ஒளிர்கின்றது, உச்சிப்பொழுதில் நீலமாகின்றது, மேகம் ஒன்று குறுக்கிட்டு ஞாயிற்றை மறைக்குமாயின் அந்நீலமும் கருகி ஈயத்தின் நிறம் கொள்கின்றது. கரையின் மணலும் அத்தகையதே. அலை நனைத்துச் சென்ற மணல் சிறிதுபோது வானத்தைத் தன்னுட் காட்டும் கண்ணாடியாக விளங்குகின்றது. பின்னர் உலர்ந்து வெளிறிப் போகின்றது. வானும் நீரும் மணலும் ஒன்றன் நிறத்தை ஒன்று வாங்கிக்கொள்வன. ஆதலின் ஒன்று மாறின் மற்ற இரண்டும் உடன் மாறுகின்றன. மலையையோ மாளிகையையோ எதிரில் வைத்து ஓவியம் எழுதுவார்க்கு இத்துணை இடர்ப்பாடு இல்லை.

கடற்கரையில் அமர்ந்து ஓவியம் எழுதும் ஒருவர் காலை 8 மணிக்குத் தம் பணியைத் தொடங்குகின்றார் எனக் கொள்க. கரையேற்றிய படகு ஒன்றின் நிழல் மணல்மேல் நீண்டு கிடக்கின்றது. படகையும் அதன் நிழலையும், பாய்மரத்தையும் கயிறுகளையும் பொறுமையோடு எழுதி முடித்து அவர் தலைநிமிரும்பொழுது மணி 10. ஞாயிறு ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை வானில் நகர்கின்றது. இரண்டு மணி நேரத்தில் 30 பாகை நகர்ந்துவிட்டது. படகின் நிழல் குறுகியதோடு திசையும் திரும்பியிருக்கின்றது. முன்னிருந்த பஞ்சுமேகங்கள் இப்பொழுது இல்லை. இந்நிலையில் அவர் மணலையும் வானத்தையும் எழுதப் புகுவாராயின், படத்தில் படகு 8 மணிக்கு உரியதாகவும் வானம் 10 மணிக்கு உரியதாகவும் அமையும். தனித்தனியே நோக்கின் இரண்டும் மெய். ஒருசேர நோக்கின் படம் பொய். அத்தகைய காட்சி ஒன்று எந்நாளும் எவர் கண்ணுக்கும் தோன்றியதில்லை அன்றோ?

இவ்விடர்ப்பாட்டினின்று தப்புதற்கு ஓவியர் கண்ட வழிகளுள் ஒன்று, படத்தைச் சிறிதாக்குதல். ஒரு சாண் அகலமும் அதினும் குறைந்த உயரமும் உடைய தாளிலோ பலகையிலோ, ஒளி மாறுமுன் காட்சி முழுவதையும் எழுதி முடித்துவிடுதல். இவ்வகைச் சிறுபடங்களை முற்றுப்பெறாதவை என்றும், பெரும்படங்களுக்கு எடுத்த குறிப்புகளே என்றும் கருதுவார் பலர். ஓவியக்கூடங்களுக்குச் செல்வோரும் பொற்சட்டம் இட்ட பெரும்படங்களின் முன்னர் நெடுநேரம் நின்றுவிட்டு, மூலையில் தொங்கும் இச்சிறுபடங்களைத் திரும்பியும் பாராது செல்கின்றனர். இக்கருத்து பொருந்துவதன்று. சிறுபடத்தின் சிறுமை ஓவியரின் சோம்பலால் வந்ததன்று. எழுதப்படும் பொருளின் இயல்பால் வந்தது. பொழுதை எழுத விரும்புவார்க்கு அதுவே உரிய அளவு.

தமிழ் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் பிரித்து வைத்தாரல்லர். இரண்டையும் ஒருங்கே முதற்பொருள் என வகுத்தனர். நெய்தல் நிலத்தைக் கூறிய அளவில் நில்லாது அதற்கு எற்பாடு என்னும் சிறுபொழுதையும் உரிமை செய்தனர். ஐரோப்பிய ஓவியர் தொல்காப்பியம் கற்றவரல்லர். எனினும், வானத்தின்கீழ் அமர்ந்து எழுதத் தொடங்கியவுடன் அவரும் அவ்வுண்மையை உணரலாயினர். வலான்சியேன் என்னும் பிரெஞ்சு ஓவிய ஆசிரியர், 1800-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட தம் நூலில், வெளியிடத்தில் எழுதும் படம் எதனையும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீட்டித்தல் ஆகாது என்றும், ஞாயிறு எழும்பொழுதும் படும்பொழுதும் எழுதுவன அரைமணி நேரத்துள் முடிதல் வேண்டும் என்றும் விதித்தார். அரைமணி நேரத்தில் ஆளுயரக் கித்தானை நிரப்பவல்லார் யார்? விதியே அளவையும் சுருக்கிவிட்டது. ஆயினும் அவ்வாசிரியரும் அச்சிறுபடங்களைக் கைப்பயிற்சி என்றே கொண்டு, மக்கள் பார்வைக்குப் பெரும்படங்களையே வைத்தார்.

இங்கிலாந்தில் ஜான் கான்ஸ்டபிள் என்னும் ஓவியர் 1776-ஆம் ஆண்டு பிறந்தார். (கான்ஸ்டபிள் என்பது ஈண்டுக் காவலரைக் குறிக்கும் பதவிப்பெயரன்று; அவர்தம் குடிப்பெயர்.) அவருடைய தந்தையார் மாவு அரைக்கும் ஆலைகளுக்கு உரிமையாளர். இளமையிற் கான்ஸ்டபிள் காற்றாலையில் பணிபுரிந்தார். காற்றாலையில் இருப்பவர் வானத்தைப் படித்தறியாது ஒருநாளும் கழிக்க இயலாது; காற்றின் திசை மாறுவதை முன்னறியாவிடின் ஆலைக்கே கேடு வரும். அங்குப் பெற்ற அறிவு பிற்காலத்தில் அவருடைய தூரிகைக்குப் பெருந்துணை ஆயிற்று. 1821, 1822 ஆகிய ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் இருந்துகொண்டு, மரமோ மனையோ இன்றி மேகங்களை மட்டுமே பல சிறு தாள்களில் எழுதினார். எழுதிய தாளின் பின்புறத்தில் நாளையும் மணியையும் காற்று வீசிய திசையையும் குறித்து வைத்தார்.

1824-ஆம் ஆண்டில் அவர் தம் மனைவியாரைப் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றார். மேரியா என்னும் அவ்வம்மையார் காச நோயால் மெலிந்திருந்தார். கடற்காற்று அவருக்கு நலந்தரும் என மருத்துவர் கருதிய காலம் அது. ஆண்டுதோறும் அங்குச் சென்று வந்த ஓவியர், வண்ணப்பெட்டியை மடிமேல் வைத்து, அதன் மூடியிற் பதித்த தாளில் கடலை எழுதினார். அவற்றுள் ஒன்று, ஏறத்தாழ 25 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உடையது. நிலக்கரி ஏற்றி வந்த மரக்கலங்கள் கரையிற் சாய்ந்து நிற்கின்றன. அவற்றின்மேல் அகன்ற வானம். தாளின் பின்புறத்தில் அவர் எழுதியுள்ள குறிப்பிலிருந்து, அது 1824-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் மாலையில் எழுதப்பட்டது என்பதும், கடல்நீர் வற்றிப் பின்வாங்கிக் கரையை ஈரமாக விட்டிருந்தது என்பதும், வெண்மையும் பொன்மையும் கலந்த ஒளி அன்று தோன்றியது என்பதும் தெரிகின்றன. அன்று அவர்தம் மகளின் பிறந்தநாள் என்பதையும் அக்குறிப்பில் மறவாது சேர்த்துள்ளார். நாட்குறிப்பும் வானிலைக் குறிப்பும் ஒரே மையில் கலந்து நிற்றல் காண்க.

மற்றொரு படம் கடல்மேற் பெய்யும் மழையைக் காட்டுவது. அதுவும் ஒரு சாணுக்குச் சற்றே மிக்கது. கருமேகத்தினின்று மழை இறங்குவதைக் காட்டத் தூரிகையை மேலிருந்து கீழாக, வரிவரியாக, விரைந்து இழுத்திருக்கின்றார். அவ்விழுப்புகளைத் திருத்தவோ மழுப்பவோ அவர் முயலவில்லை. முயன்றிருப்பின் மழை நின்று போயிருக்கும். மேரியா அம்மையார் 1828-ஆம் ஆண்டு இறந்தார். அம்மழைப்படம் எழுதப்பட்ட நாள் இன்னதெனத் திட்டமாகத் தெரியவில்லை. ஆனால் அவர் உயிரோடு பிரைட்டனில் இருந்த ஆண்டுகளிலேயே அஃது எழுதப்பட்டது எனக் கொள்வர். கவலை நிறைந்த உள்ளத்தோடு கரையில் அமர்ந்த ஒருவர், தம் துயரை ஒரு கோட்டாலும் எடுத்துரையாது, மழை எவ்வாறு பெய்தது என்பதை மட்டுமே எழுதிச் சென்றிருக்கின்றார். அவ்வடக்கம் போற்றுதற்குரியது.

அதே பிரைட்டனில் 1823-ஆம் ஆண்டு கட்டப்பட்ட சங்கிலித் துறைப்பாலத்தைக் கான்ஸ்டபிள் பெரும்படமாகவும் எழுதி 1827-ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்கு வைத்தார். அஃது ஏறத்தாழ 183 செ.மீ. அகலமும் 127 செ.மீ. உயரமும் உடையது, மேற்கூறிய சூலை மாதச் சிறுபடத்தைப்போல 60 மடங்குக்கு மேற்பட்ட பரப்புடையது. வலை, நங்கூரம், மீனவர், உல்லாசமாக உலவுவோர், கட்டடங்களின் வரிசை ஆகிய யாவும் அதிற் பொருந்த அமைந்துள்ளன. பெரிய படைப்பே, ஐயமில்லை. ஆயினும் அப்படத்தின் வானம் பல நாளைய வானங்களைக் கூட்டி, அறையில் இருந்து கட்டப்பெற்றது. சிறுபடத்தின் வானமோ ஒரு மாலைக்கே உரியது. அத்துறைப்பாலம் 1896-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்துவிட்டமையால், பெரும்படத்திற்கு வரலாற்றுச் சிறப்பும் உண்டு என்பதைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

வெளியிடத்து ஓவியம் தகரக்குழாயால் தோன்றியது என்று சிலர் கூறுவர். அதற்கு முன்னர் எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் அடைத்து, நூலாற் கட்டி, வேண்டும்பொழுது துளையிட்டுப் பிதுக்கினர். வண்ணம் விரைவில் இறுகிவிடும். பை கிழிதலும் உண்டு. லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜான் ராண்ட் என்பவர் 1841-ஆம் ஆண்டு, அழுத்திப் பிதுக்கத்தக்க தகரக்குழாய்க்கு உரிமை பெற்றார். இதனால் வண்ணங்களைப் பையிலிட்டுக் கடற்கரைக்கு எடுத்துச் செல்லுதல் எளிதாயிற்று. எனினும் கான்ஸ்டபிள் 1837-ஆம் ஆண்டே இறந்தார். அவர் நீர்ப்பை வண்ணத்தைக் கொண்டே அத்தனையும் எழுதினார். ஆதலின் கருவி எளிமை தந்தது எனலாம். கலையைப் பிறப்பித்தது எனல் மிகை.

பிரெஞ்சு நாட்டின் நார்மண்டிக் கரையில், ஒன்ஃபிளேர் என்னும் துறைமுக ஊரில், மாலுமி ஒருவரின் மகனாக யூஜேன் பூதேன் 1824-ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதில் தந்தையாரின் படகில் வேலை செய்தவர். பின்னர்ப் படங்களுக்குச் சட்டம் இடும் கடையில் இருந்தவர். அவரும் வானத்தையே தம் ஆசானாகக் கொண்டார். உலர்ந்த வண்ணக்கட்டிகளைக் கொண்டு தாளில் மேகங்களை எழுதி, கான்ஸ்டபிளைப் போலவே நாளும் பொழுதும் காற்றும் ஓரத்திற் குறித்து வைத்தார். 1859-ஆம் ஆண்டு போதலேர் என்னும் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் அவற்றுட் பல நூறு படங்களைக் கண்டு வியந்தார். ஓரத்துக் குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் நோக்கினும், இன்ன பருவம், இன்ன பொழுது, இன்ன காற்று என்று கூறிவிடலாம் என அவர் புகழ்ந்தார். புகழ்ந்தவர் அத்துடன் நிற்கவில்லை. இவை குறிப்புகளே என்றும், இவை படமாதற்கு ஓவியர் பின்னர்த் தம் நினைவினின்று கவிதையுணர்வை வருவித்துக்கொள்ளல் வேண்டும் என்றும், பூதேனும் இவற்றைப் படங்கள் என்று கூறிக்கொள்பவர் அல்லர் என்றும் எழுதினார்.

கவிஞரின் முற்பகுதிக் கூற்றே அவருடைய பிற்பகுதிக் கூற்றை மறுக்கின்றது. பருவமும் பொழுதும் காற்றும் ஒரு தாளில் ஐயமறத் தோன்றுமாயின், அத்தாளுக்கு இன்னும் குறைவது யாது? ஏழு சீரால் இயன்ற குறளைக் காப்பியத்திற்கு எடுத்த குறிப்பு என்று எவரேனும் கூறுவரோ? குறள் குறளாக முற்றுப்பெற்றது. காப்பியம் காப்பியமாக முற்றுப்பெறுவது. நினைவு படத்தை நிறைவாக்கும் என்பதும் முழுதும் ஏற்கத்தக்கதன்று. நினைவு கைதேர்ந்த சமையற்காரர் போன்றது. கிடைத்த பொருளைச் சுவையுடையதாக்கித் தரும், ஆனால் கிடைத்த பொருள் யாது என்பதை மறைத்துவிடும். அறைக்குள் அமர்ந்து நினைந்து எழுதிய கடலிற் காற்று எப்பொழுதும் அழகாகவே வீசுகின்றது. கரையில் இருந்து எழுதியவர்க்கோ காற்று தாளைப் பறிக்கின்றது. விரலை விறைக்கச் செய்கின்றது. அவ்விடர்கள் அவருடைய கோட்டில் எவ்வாறோ பதிந்துவிடுகின்றன.

லெ ஹாவர் நகரிற் கேலிச்சித்திரம் எழுதித் திரிந்த இளைஞர் ஒருவரைப் பூதேன் தம்மோடு வெளியிடத்திற்கு அழைத்துச் சென்று எழுதப் பழக்கினார். அவ்விளைஞரே குளோத் மோனே. தாம் ஓவியரானமைக்குப் பூதேனே காரணர் என மோனே பிற்காலத்தில் நன்றியோடு கூறினார். 1870-ஆம் ஆண்டுக் கோடையில் துரூவில் கடற்கரையில் அவர் எழுதிய படம் ஒன்று லண்டனிலுள்ள தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது; 46 செ.மீ. அளவே அகலமுடையது. அதன் வண்ணப் பூச்சினுள் மணற்பொடியும் சிப்பித் துணுக்குகளும் புதைந்து கிடப்பதை ஆய்வாளர் கண்டனர். கடற்கரையிலேயே அப்படம் எழுதப்பட்டது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

ஆனால் மோனே, படத்தைச் சிறிதாக்கும் வழியோடு நிற்கவில்லை. படங்களைப் பலவாக்கும் வழியையும் மேற்கொண்டார். எத்ரெத்தா என்னும் ஊரில், வெண்பாறைகள் வளைவுகளாகக் கடலுள் இறங்கும் இடத்தில், ஒரே காட்சிக்கு ஐந்தாறு கித்தான்களை எடுத்துச் சென்றார். சிறுவர்கள் அவற்றைச் சுமந்து பின்தொடர்ந்தனர். ஒளி மாறியவுடன் ஒன்றை வைத்துவிட்டு, அவ்வொளிக்குரிய மற்றொன்றை எடுத்தார். மொப்பசான் என்னும் எழுத்தாளர் இதனை நேரிற் கண்டு 1886-ஆம் ஆண்டு எழுதியுள்ளார். ஒரு படத்தில் ஒரு பொழுதே இருத்தல் வேண்டும் என்னும் கொள்கையை மோனேயும் விடவில்லை என்பது இதனாற் புலனாகும். எனினும் இவ்வழிக்குச் சிறுவர்களின் தோள் வேண்டும். நேற்றைய வானமே நாளையும் வருதல் வேண்டும். வானம் அத்தகைய வாக்குறுதி எதனையும் தருவதில்லை.

அக்கரையில் வேறோர் இடரும் உண்டு. தமிழகத்துக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே; நார்மண்டிக் கரையிலோ கடல்நீர் நாள்தோறும் இருமுறை பல மீட்டர் உயரம் ஏறி இறங்குகின்றது. 1885-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கடல் வற்றுகின்றது என்று நம்பிப் பாறையடியில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார் மோனே. உண்மையிற் கடல் ஏறிக்கொண்டிருந்தது. பேரலை ஒன்று அவரைப் பாறைமேல் மோதிக் கீழே இழுத்துச் சென்றது. உயிர் பிழைத்தார், ஆனால் படமும் அதனைத் தாங்கிய சட்டமும் பையும் கடலோடு போயின. கையிற் பற்றியிருந்த வண்ணத்தட்டு முகத்திற் பட்டுத் தாடியெங்கும் வண்ணம் அப்பியது. இதனை அவரே கடிதத்தில் எழுதியுள்ளார். அன்று கடல்தான் ஓவியரை எழுதிற்றுப் போலும்!

இனி, சிறிதாகவும் விரைவாகவும் எழுதியவை எல்லாம் சிறந்தன என்று கொள்ளல் ஆகாது. விரைவு வேறு; அவசரம் வேறு. அரைமணி நேரத்தில் எழுதவல்லார், அதற்குமுன் பல ஆண்டுகள் எழுதாமல் நோக்கியிருந்தவர் ஆவர். காற்றாலையும் படகும் கான்ஸ்டபிளுக்கும் பூதேனுக்கும் தந்தது அந்நோக்கமே. கரைக்குச் சென்றவுடன் தூரிகையை எடுத்தல் தகாது. எது நிலைப்பது, எது முதலில் மறைவது என்று ஆராய்தல் வேண்டும். கண்களைப் பாதி மூடி நோக்கின் சிறு பொருள்கள் மறைந்து, ஒளியும் நிழலுமாகிய பெரும்பகுதிகள் மட்டும் தோன்றும். அவற்றையே முதலில் வைத்தல் வேண்டும். வானம் முதலில் மாறுவது ஆதலின், அதனை முதலில் எழுதுதல் நலம். தாளின்மேல் வெயில் படாதவாறு அமர்தலும் வேண்டும். வெயிலில் எழுதிய வண்ணம் ஆங்கு ஒளியுடையதாகத் தோன்றி, அறைக்குள் கொணர்ந்தவுடன் இருண்டு காட்டும். படகிலுள்ள கயிறுகளை எண்ணுதல் கடைசிப் பணி. நேரம் இல்லையாயின் கயிறே இல்லாதொழியினும் குறைவில்லை.

இவற்றினும் அரியது, எழுதிக்கொண்டிருக்கும்பொழுதே காட்சி முன்னையினும் அழகியதாக மாறும் நேரத்தில் மனத்தை அடக்குதல். சாம்பல்நிறக் கடலைப் பாதி எழுதியிருக்கையில் மேகம் பிளந்து பொற்கதிர் ஒன்று நீரில் விழுகின்றது. அக்கதிரையும் படத்திற் சேர்த்துவிடக் கை துடிக்கின்றது. சேர்த்தாலோ, கதிர் விழாத பொழுதின் மணலும் கதிர் விழுந்த பொழுதின் நீரும் ஒன்றோடொன்று பொருந்தாது நிற்கும். அக்கதிர் வேண்டுமாயின் வேறொரு தாளை எடுத்தல் வேண்டும். அன்றேல் அதனைப் பார்த்து மகிழ்ந்து விட்டுவிடுதல் வேண்டும். கிடைத்ததையெல்லாம் சேர்ப்பவர் படம் கண்காட்சிக் கடைபோல ஆகிவிடுகின்றது.

வீட்டிற்கு வந்தபின் எவ்வளவு திருத்தலாம் என்பதில் ஓவியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு தூரிகையும் தொடலாகாது என்பார் சிலர்; அது கடுமை மிக்க கொள்கை. மோனேயும் தம் கடற்கரைப் படங்கள் பலவற்றை வீட்டில் வைத்துத் திருத்தினார். பாய்மரம் கோணியிருப்பின் நிமிர்த்தலாம். மணலில் அறியாது வழிந்த துளியை நீக்கலாம். வானத்தையும் நீரையும் பொருத்தவரை கை வைக்காதிருத்தலே தக்கது. ஏடு பெயர்த்தெழுதுவோர் ஓர் எழுத்தில் ஐயம் தோன்றின் மூல ஓலையை எடுத்து ஒப்பு நோக்குவர்; அவ்வானத்திற்கோ ஒப்பு நோக்குதற்கு மூல ஓலை இல்லை.